இன்சார்ஜ் எச்.ஓ.டி. ஆகலாமா, முதலில் பிஎச்.டி.யை முடிக்கலாமா?

கேள்வி:

ஐயா, நாங்கள் நகரியில் இருக்கிறோம். வீட்டில் தமிழ், கல்லூரியில் தெலுங்கும் ஆங்கிலமும். ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறிப் புத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரிக்குப் போய் வருகிறேன். எம்.டெக். முடித்தவள், கம்ப்யூட்டர் சயன்ஸ் துறையில் பதினோரு வருடமாக உதவிப் பேராசிரியர். 2023 தொடக்கத்தில் ஜே.என்.டி.யு. பல்கலைக்கழகத்தில் பகுதிநேர பிஎச்.டி. பதிவு செய்தேன். துணியில் விழும் நெசவுக் குறைகளைப் படத்தை வைத்துக் கம்ப்யூட்டர் கண்டுபிடிப்பது என் தலைப்பு. ஒரு கட்டுரை வந்துவிட்டது, இன்னொன்று பரிசீலனையில் இருக்கிறது. இந்த நேரத்தில் எங்கள் எச்.ஓ.டி., அதாவது துறைத் தலைவர், வேலையை விட்டுப் போய்விட்டார். நிர்வாகம் என்னைத் தற்காலிகமாக இன்சார்ஜ் எச்.ஓ.டி.யாக இருக்கச் சொல்கிறது. மாதம் ஐயாயிரம் ரூபாய் கூடுதலாகத் தருவார்களாம். என் பிஎச்.டி. கைடு வேண்டாம் என்கிறார். வீட்டுக்காரர் விசைத்தறி வைத்திருக்கிறார். வந்ததை விடாதே என்கிறார். எங்கள் சித்தூர்ச் சீமையில் பிறந்த கம்ப்யூட்டர் விஞ்ஞானி ராஜ் ரெட்டியைப் பற்றிப் பள்ளியில் கேட்ட நாளிலிருந்து பேராசிரியர், டீன் என்று வர வேண்டும் என்று ஆசை. வயது முப்பத்தாறு. இப்போது மறுத்தால் பிறகு யார் கூப்பிடுவார்கள்? இன்னொரு பயமும் இருக்கிறது. ஏ.ஐ. வந்த பிறகு கம்ப்யூட்டர் வாத்தியாருக்கு வேலை இருக்குமா?

– பெயர் வெளியிட வேண்டாம், நகரி

பதில்:

அம்மா, வணக்கம்.

உங்கள் கைடு சொல்வதுதான் சரி. தீசிஸைச் சமர்ப்பிக்கும் வரை இந்த இன்சார்ஜ் பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன். வீட்டுக்காரரிடமும் காட்டுங்கள். தறி ஓட்டிப் பிழைக்கிறவருக்குக் கணக்கு சட்டென்று பிடிபடும்.

பொறியியல் கல்லூரி ஆசிரியர் பதவிகளுக்கு, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. 2019-ல் வெளியிட்ட விதிகள் இவை. இணைப் பேராசிரியருக்கு பிஎச்.டி. வேண்டும், இளநிலையிலோ முதுநிலையிலோ முதல் வகுப்பு வேண்டும், ஏற்கப்பட்ட ஆய்விதழ்களில் ஆறு கட்டுரை வேண்டும், எட்டு வருட அனுபவம் வேண்டும், அதில் இரண்டு வருடமாவது பிஎச்.டி.க்குப் பிறகு வந்ததாக இருக்க வேண்டும். பேராசிரியருக்குப் பத்து வருட அனுபவம், அதில் மூன்று வருடம் இணைப் பேராசிரியருக்கு நிகரான பதவியில். அந்தப் பதவியில் இருந்தபோது எழுதியதாக ஆறு கட்டுரையும், நீங்கள் வழிகாட்டிப் பிஎச்.டி. பட்டம் வாங்கிய இரண்டு பேரும் வேண்டும்; ஆள் இல்லை என்றால் பத்து கட்டுரை. பிரின்சிபாலுக்குப் பதினைந்து வருடம், அதில் மூன்று வருடம் பேராசிரியராக.

உங்களிடம் அனுபவ வருடங்கள் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. பதினோரு வருடம் பேராசிரியர் பதவிக்கே போதும். பிடித்து நிறுத்தியிருப்பது பட்டமும் கட்டுரைகளும்தான். 2027-ல் பட்டம் கைக்கு வந்தால் 2029-ல் இணைப் பேராசிரியர், 2032-ல் பேராசிரியர், 2035-ல் பிரின்சிபால் பதவிக்கு விண்ணப்பிக்கும் தகுதி. அப்போது உங்களுக்கு வயது நாற்பத்தைந்துதான். பட்டம் 2029-க்குப் போனால் அதற்குப் பின்னால் இருக்கிற ஒவ்வொன்றும் இரண்டு வருடம் தள்ளிப்போகும். இதில் எங்கேயும் ‘இன்சார்ஜ் எச்.ஓ.டி.யாக இருந்தவர்’ என்பதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

பணத்தையும் பார்த்துவிடுவோம். அதே விதிகளில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். இணைப் பேராசிரியருக்கு 1,31,400. பெரும்பாலான தனியார் கல்லூரிகள் இதை அப்படியே தருவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பாதியைக் கொடுத்தாலும் அந்தப் படிக்கும் இந்தப் படிக்கும் உள்ள தூரத்துக்கு முன்னால் ஐயாயிரம் என்பது ஒன்றுமில்லை.

நீங்கள் 2023-ல் பதிவு செய்தவர் என்பதால் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2022 பிஎச்.டி. விதிகள் உங்களுக்குப் பொருந்தும். குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம். மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு, பெண் ஆய்வாளர்களுக்கு அதற்கு மேலும் இரண்டு. குழந்தை, குடும்பம் என்று நிற்கிற பெண்களுக்கு இந்தச் சலுகை அவசியமானது, குறை சொல்லவில்லை. ஆனால் ‘இன்னும் காலம் இருக்கிறதே’ என்று எச்.ஓ.டி. நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் ஆய்வு எந்தக் கதிக்குப் போகிறது என்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்க்கும் ஆர்.ஆர்.எம். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் பழைய ஸ்லைடில் தேதியை மட்டும் மாற்றிக்கொண்டு வருவார்கள். குழுவில் இருக்கிறவர்களுக்கும் தெரியும். அவர்களும் எங்கேயோ எச்.ஓ.டி.தானே, ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

இன்சார்ஜ் வேலை என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டைம்டேபிள், லீவ் எடுத்தவருக்குப் பதில் ஆள், லேப் சிஸ்டம் கணக்கு, கோர்ஸ் ஃபைல், பாடத்தின் இலக்கைப் படிப்பின் இலக்கோடு பொருத்தும் சி.ஓ.-பி.ஓ. அட்டவணை, ஆசிரியர் நியமனத்துக்குப் பல்கலைக்கழக ஒப்புதல் வாங்கும் ரேட்டிஃபிகேஷன் பேப்பர், தர அங்கீகாரத்துக்கு (அக்ரெடிடேஷன்) என்.பி.ஏ., நாக். மே மாதம் வந்தால் அட்மிஷன். உங்கள் விஷயத்தில் அட்மிஷன் கொஞ்சம் கூடுதலாகவே வந்து சேரும். தமிழ் பேசுகிறவர் என்பதால் பள்ளிப்பட்டு, திருத்தணி, ஆர்.கே.பேட்டை என்று பிளஸ் டூ முடித்த பிள்ளைகளின் வீட்டுக் கதவைத் தட்டும் வேலை உங்களுக்குத்தான் வரும். நிர்வாகம் உங்களைத் தேர்ந்ததில் இதற்கும் ஒரு பங்கு இருக்கும் என்பது என் ஊகம். உங்கள் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. எல்லைப்புறக் கல்லூரிகள் எதை எண்ணி முடிவெடுக்கின்றன என்பதைச் சொல்கிறேன்.

அப்புறம் அந்த ‘இன்சார்ஜ்’. என்.பி.ஏ. குழு வந்தால் துறையில் பிஎச்.டி. உள்ள பேராசிரியர் யார், இணைப் பேராசிரியர் யார் என்றுதான் முதலில் தேடும். குழு வரும் தேதி தெரிந்ததும் நிர்வாகம் வெளியிலிருந்து பிஎச்.டி. உள்ள ஒருவரைக் கொண்டுவந்து உட்கார வைக்கும். அதுவரை ஃபைல்களைச் சேர்த்து வைத்தவர் நீங்களாக இருப்பீர்கள், கையெழுத்துப் போடுகிறவர் அவராக இருப்பார்.

இப்போது மறுத்தால் பிறகு யார் கூப்பிடுவார்கள் என்கிறீர்கள். நியாயமான பயம். பதிலும் விதிகளிலேயே இருக்கிறது. இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர், ஒன்பது ஆசிரியரில் ஒருவர் பேராசிரியர், இருவர் இணைப் பேராசிரியர், ஆறு பேர் உதவிப் பேராசிரியர் என்பது ஏ.ஐ.சி.டி.இ. வைத்திருக்கும் விகிதம். 2024-25 கல்வியாண்டிலிருந்து, நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு கம்ப்யூட்டர் சயன்ஸில் செக்‌ஷன் மேல் செக்‌ஷன் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஏ.ஐ., டேட்டா சயன்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று பெயர் மட்டும் மாறுகிறது, பாடம் நடத்துகிறவர்கள் அதே ஆட்கள்தான். செக்‌ஷன் கூடக் கூட விகிதப்படி பிஎச்.டி. முடித்த கம்ப்யூட்டர் ஆள் வேண்டும். அந்த ஆள் எளிதில் கிடைப்பதில்லை. படித்தவர்களில் பாதிப்பேர் சென்னைக்கும் பெங்களூருக்கும் கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறார்கள். பட்டத்தோடு நீங்கள் திரும்பி வரும்போது இதே நிர்வாகம் கூப்பிடும். அது கூப்பிடாவிட்டால் அடுத்த ஸ்டேஷனில் இருக்கிற கல்லூரி கூப்பிடும்.

நீங்களே ராஜ் ரெட்டி பெயரை எடுத்ததால் அவர் பாதையைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். எல்லோரும் அவரைப் பற்றிச் சொல்லும்போது 1994-ல் எட்வர்ட் ஃபைகன்பாமோடு சேர்ந்து வாங்கிய, கம்ப்யூட்டர் துறையின் பெரிய விருதான டூரிங் விருதில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். உங்களுக்கு உபயோகமானது அதற்கு முந்தைய வருடங்கள்.

1937-ல் சித்தூர் மாவட்டத்துக் காட்டூரில் பிறந்தவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். 1958-ல் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பி.இ. முடித்தார், அதுவும் சிவில். அப்போது கம்ப்யூட்டர் சயன்ஸ் என்று ஒரு துறையே எங்கும் கிடையாது. அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகம் முதல் துறையைத் தொடங்கியதே 1962-ல்தான். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் எம்.டெக்., அங்கேயே ஐ.பி.எம்.மில் வேலை. வேலையை விட்டுவிட்டு ஸ்டான்ஃபோர்டுக்குப் போய், செயற்கை நுண்ணறிவின் முன்னோடி ஜான் மெக்கார்த்தியிடம் சேர்ந்து 1966-ல் பிஎச்.டி. முடித்தார். பேச்சைக் கம்ப்யூட்டர் புரிந்துகொள்ள வைப்பது அவர் எடுத்துக்கொண்ட வேலை. மூன்று வருடம் அங்கேயே உதவிப் பேராசிரியராக இருந்துவிட்டு, 1969-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

அங்கே அவருடைய குழு பத்து வருடம் பேச்சறிதலையே போட்டுத் துவைத்தது. ஹியர்சே, அடுத்து ஹார்ப்பி என்று பேச்சை அறியும் புரோகிராம்கள். 1976-ல் ஹார்ப்பி ஆயிரத்துச் சொச்சம் சொற்களைப் புரிந்துகொண்டது. அன்றைக்கு அது பெரிய விஷயம். ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி அதன் இயக்குநர் ஆனது 1979-ல். பிஎச்.டி.க்கும் முதல் தலைமைப் பொறுப்புக்கும் நடுவில் பதின்மூன்று வருடம். கம்ப்யூட்டர் சயன்ஸ் பள்ளியின் டீன் ஆனது 1991-ல், ஐம்பத்து நான்கு வயதில்.

உங்களையும் பதின்மூன்று வருடம் காத்திருக்கச் சொல்லவில்லை. அவருக்குக் கிடைத்த பணமும் மெஷினும் வேறு, புத்தூர் லேப் வேறு. வரிசையை மட்டும் கவனியுங்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தபோது, எதிரில் ஒரு இளம் ஆய்வாளர் வந்து நின்றால் அவர் சொல்வது சரக்கா சக்கையா என்று தானாகவே எடை போடத் தெரிந்திருந்தது. அந்தத் திறமை தன் ஆய்வைக் கடைசி வரைக்கும் இழுத்துக்கொண்டு போய் முடித்தவருக்குத்தான் வரும்.

அதற்கு ஒரு சான்று. எண்பதுகளில் கை-ஃபூ லீ அவரிடம் ஆய்வு மாணவர். ரெட்டிக்கு அப்போது நம்பிக்கை நிபுணர் அறிவை விதிகளாக எழுதிக் கொடுக்கும் முறையில். லீ அதை விட்டுவிட்டுப் புள்ளியியல் வழியில் போகிறேன் என்றார். ரெட்டி, உன்னோடு எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் உன்னை ஆதரிக்கிறேன் என்று சொல்லி, வேண்டிய வசதியையும் கொடுத்ததாக லீ பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த வழியில்தான் ஸ்ஃபிங்க்ஸ் என்ற பேச்சறிதல் அமைப்பு வந்தது; 1988-ல் லீக்கு பிஎச்.டி.யும் கிடைத்தது. அதன் பின் பேச்சறிதல் துறை மொத்தமாகப் புள்ளியியல் பக்கம் சாய்ந்தது. நான் பார்த்த துறைத் தலைவர்களில் இதைச் செய்யக்கூடியவர்கள் மிகக் குறைவு. தன் சொந்த முறைக்கு எதிரான வேலைக்குக் கையெழுத்துப் போட, தன் வேலையில் அத்தனை உறுதி வேண்டும். டீனாக இருந்த காலத்தில் அவர் மொழித் தொழில்நுட்பம், மனித-கணினி ஊடாட்டம், இன்றைக்கு எந்திரக் கற்றல் துறையாக இருக்கும் மையம் என்று ஒன்றன்பின் ஒன்றாக உருவாக உதவினார். தொண்ணூறுகளில் எந்திரக் கற்றலுக்குத் தனி மையம் எதற்கு என்று கேட்டிருக்கக்கூடியவர்கள் ஏராளம்.

சரி, நகரிக்கு வருவோம். மறுக்க முடியாத நிலை என்றால்? சில கல்லூரிகளில் ‘முடியாது’ என்று சொன்னால் அடுத்த மாதமே டிரான்ஸ்போர்ட் கமிட்டியில் போடுவார்கள். அப்படி ஆகும் என்று தோன்றினால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வாய்ப்பேச்சில் எடுக்காதீர்கள். எத்தனை மாதத்துக்கு என்று தேதி போட்ட ஆர்டர் வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாரத்தில் ஒரு முழு வேலைநாள் ஆய்வுக்கு என்று அந்த ஆர்டரிலேயே இருக்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் என்பார்கள், சம்மதிக்காதீர்கள். வகுப்பு நேரத்தில் ஒரு தியரி பாடத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அக்ரெடிடேஷனுக்கு ஒருவர், டைம்டேபிளுக்கு ஒருவர் என்று கோஆர்டினேட்டர்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அட்மிஷனுக்கு ஊர் ஊராகப் போவது என் வேலையில் சேராது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பிறகு பேச முடியாது. இத்தனைக்கும் நிர்வாகம் சம்மதித்தால் அது அரிதான நிர்வாகம், கூடுதலாக ஒரு வருடம்கூட இருக்கலாம். சம்மதிக்காவிட்டால் மறுப்பதற்கு உங்களுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

ஆறு மாதமானாலும் எச்.ஓ.டி. ஆனதும் ஒன்று நடக்கும், எச்சரிக்கிறேன். ஜூனியர் ஆசிரியர்கள் தங்கள் கட்டுரையில் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொண்டு வருவார்கள். மரியாதை என்று நினைத்துத்தான் செய்வார்கள். வேலை செய்யாத கட்டுரையில் பெயர் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். காசு கட்டினால் இரண்டு வாரத்தில் போடுகிற இதழ்களும் வேண்டாம். ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து 2023-ல் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் எவை என்று சொன்ன யு.ஜி.சி.யின் கேர் பட்டியலும் 2025-ல் போய்விட்டது. பட்டியலில் இருக்கிறது என்று இனி யாரும் தப்பிக்க முடியாது, இதழ் எப்படிப்பட்டது என்று நாமே பார்த்தாக வேண்டும். பத்து வருடம் கழித்து டீன் பதவிக்கு நேர்காணலில் உட்காரும்போது திரும்பப் பெறப்பட்ட ஒரு கட்டுரை போதும், மற்ற எல்லாம் கீழே போய்விடும்.

இனி உங்கள் தலைப்பு. எச்.ஓ.டி. விஷயத்தைவிட எனக்கு இதில்தான் ஆர்வம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

துணிக்குறை ஆய்வு செய்யும் பலரையும் போல நீங்களும் ஸ்பெயினிலிருந்து வந்த ஏய்டெக்ஸ் படத்தொகுப்பை வைத்துத்தான் வேலை செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மொத்தமே ஏழு வகைத் துணி, 245 படம். அதில் குறை உள்ளவை 105. இதை வைத்து உலகம் முழுக்க எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். இன்னொரு நியூரல் நெட்வொர்க்கை மாட்டித் துல்லியத்தை இன்னும் அரை சதவீதம் ஏற்றினேன் என்று நீங்களும் எழுதலாம். பட்டம் கிடைக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உங்கள் வீட்டிலேயே தறி ஓடுகிறதே, அம்மா! பாவு இழை அறுந்தால் துணியில் எப்படித் தெரியும், ஊடை விட்டுப்போனால் எப்படித் தெரியும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருக்கிறார். ஐ.ஐ.டி.யில் இருக்கிற ஆய்வாளருக்குக் கிடைக்காதது இது.

ஓடும் தறியில் படம் எடுங்கள். குழல்விளக்கு வெளிச்சம், தறியின் அதிர்வு, லென்ஸில் படியும் பஞ்சுத் தூசி, எல்லாம் இருக்கட்டும். ஒவ்வொரு படத்திலும் எது குறை என்று இரண்டு நெசவாளர்களைத் தனித்தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். இருவரும் எங்கே மாறுபடுகிறார்கள் என்பதே ஒரு அத்தியாயம். படத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும்போது, ஒரே ரோலின் துண்டுகள் இரண்டு பக்கமும் போய்விடாமல் பாருங்கள். போனால் 99 சதவீதம் வரும், வைவாவில் எக்ஸ்டர்னல் தேர்வாளர் முதல் கேள்வியிலேயே பிடித்துவிடுவார். இன்னொன்று, நூறு மீட்டரில் ஒரு மீட்டரில்தான் குறை என்றால் ‘எல்லாம் நல்ல துணி’ என்று சொல்கிற புரோகிராமுக்கும் 99 சதவீதம் கிடைக்கும். ஆகவே மொத்தத் துல்லியத்தை விட்டுவிடுங்கள். எத்தனை குறையைத் தவறவிட்டது, எத்தனை முறை பொய்யாக மணி அடித்தது என்று இரண்டு எண்களாகக் கொடுங்கள். பொய்யாக எத்தனை முறை மணி அடித்தால் ஒரு தறிக்காரர் அந்தக் கருவியைப் பிடுங்கி வைத்துவிடுவார் என்று உங்கள் வீட்டுக்காரரிடமே கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணை வைத்துத்தான் உங்கள் முறையின் எல்லையைத் தீர்மானிக்க வேண்டும். மற்ற தறிகளில் படம் எடுப்பதாக இருந்தால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தொழிலாளியின் முகம் படத்தில் வேண்டாம். இந்தத் தொகுப்பை விவரத்தோடு வெளியிட்டாலே அது ஒரு நல்ல கட்டுரை. ஏர்ப்பேட்டில் திருப்பதி ஐ.ஐ.டி. இருக்கிறது, ஸ்ரீசிட்டியில் ஐ.ஐ.ஐ.டி. இருக்கிறது, உங்கள் கைடு மூலமாக அங்கே படச்செயலாக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் போய்க் காட்டுங்கள். கையில் சொந்த டேட்டா இருந்தால் உட்கார வைத்துப் பேசுவார்கள்.

பதவி இல்லாமல் தலைமைக்குப் பழக வழி இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஈரோட்டில் பிறந்த கம்ப்யூட்டர் பேராசிரியர் வி. ராஜாராமனை நினைத்துப் பாருங்கள். கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-ல் ஐ.பி.எம். 1620 கம்ப்யூட்டர் வந்தபோது அதில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்தவர்களில் ஒருவர். 1965-ல் அங்கே கம்ப்யூட்டர் சயன்ஸில் எம்.டெக். தொடங்கியதிலும் அவர் கை உண்டு. வகுப்புக்காகச் சைக்ளோஸ்டைல் செய்த குறிப்புகளைப் புத்தகமாக்கி, மாணவர் வாங்கக்கூடிய விலையில் வரச் செய்தார். எம்.சி.ஏ. என்ற படிப்பு வந்ததே அவர் தலைமையிலான குழுவின் பரிந்துரையால்தான். நாடு முழுக்க கம்ப்யூட்டர் பாடம் எப்படி நடக்க வேண்டும் என்பதில் அவர் அளவுக்குச் சொல் எடுபட்டவர்கள் சிலர்தான், அந்தச் சொல்லுக்கு மதிப்பு வகுப்பறையிலிருந்து வந்தது. நீங்கள் இந்த இரண்டு வருடத்தில் ஒரு லேப் பாடத்தை முழுசாகத் திருத்தி எழுதுங்கள். தெலுங்குவழியில் படித்து வந்த பிள்ளைக்கும் பிடிபடுகிற மாதிரி எழுதுங்கள். துறையில் எல்லோரும் அதை எடுத்து நடத்தினால் அதுவே உங்கள் முதல் நிர்வாக வேலை.

ஏ.ஐ. பற்றிச் சுருக்கமாக. புரோகிராமை எழுதிக் கொடுக்கும் கருவி எல்லாப் பையன்களிடமும் இருக்கிறது. ரெக்கார்டு நோட்டைப் பார்த்து மார்க் போட்ட காலம் முடிந்தது. எதிரில் உட்கார வைத்து ‘இந்த வரியை எடுத்தால் என்ன ஆகும்?’ என்று கேட்கத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும். ஸ்லைடை வாசித்துவிட்டுப் போகிறவருக்குத்தான் சிரமம், அவர் ஏ.ஐ. வருவதற்கு முன்னாலும் சிரமத்தில்தான் இருந்திருக்க வேண்டும், நாம்தான் விட்டுவைத்திருந்தோம்.

எல்லையில் இருப்பதால் ஒரு விஷயம். பட்டம் வாங்கியதும் தமிழ்நாட்டுப் பக்கம் வரலாமா என்ற எண்ணம் வரும். வேலூர், திருவள்ளூர் பக்கத் தனியார் கல்லூரிகளுக்கு நீங்கள் எந்த மாநிலம் என்பது பொருட்டில்லை. அரசு வேலை என்றால் ஆந்திராவில் வாங்கிய சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டில் ஒதுக்கீட்டுக்கு உதவாது, பொதுப்பிரிவில்தான் போட்டியிட வேண்டும். ஐ.ஐ.டி. ஆசிரியர் பணியைப் பகுதிநேர பிஎச்.டி.யோடு எதிர்பார்க்காதீர்கள், அங்கே தேர்வு முறை வேறு. ஆனால் நல்ல தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியர், அசோசியேட் டீன் என்பது உங்கள் கைக்கு எட்டுவதுதான். தெலுங்கும் தமிழும் சரளமாகப் பேசும் கம்ப்யூட்டர் பேராசிரியர் இந்தப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு எவ்வளவு வேண்டியவர் என்பது அட்மிஷன் பேச்சிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

திங்கட்கிழமை செக்ரட்டரியைப் பாருங்கள். பிரின்சிபால் வழியாகப் போங்கள், அவரைத் தாண்டிப் போகாதீர்கள். ‘சார், அடுத்த வருடம் தீசிஸ் சமர்ப்பிக்கிறேன். நான் பிஎச்.டி. முடித்தால் அக்ரெடிடேஷனில் நம் துறைக்கு ஒரு ஆள் கூடும். அதுவரை சீனியர் ஒருவர் பொறுப்பைப் பார்க்கட்டும், அவருக்கு அக்ரெடிடேஷன் வேலையில் நான் உதவுகிறேன்’ என்று சொல்லுங்கள். கல்லூரிக்கு லாபம் எது என்று அவர் கணக்கிலேயே பேசினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். பேசியதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி பிரின்சிபாலுக்கு அனுப்பி, ஒரு பிரதியைக் கைடுக்கும் போடுங்கள். சமர்ப்பிப்புக்கு முன் இன்னும் என்னென்ன பாக்கி என்று கைடிடம் தேதி வாரியாக எழுதி வாங்குங்கள். பகுதிநேர மாணவர்களைக் கைடுகள் மறந்துபோவதுண்டு, அதனால் மாதம் ஒருமுறையாவது நேரில் போய் நில்லுங்கள்.